அண்ணனைக் கேட்டுவிட்டுச் செய்வோம்

என் அண்ணன் தண்டனைக் கைதியாகச் சிறையில் இருக்கிறார். எதற்காக என்பதை இங்கே எழுதப்போவதில்லை. அவருடைய செயலால் பாதிக்கப்பட்ட குடும்பம் ஒன்று இருக்கிறது. அவர்கள் பட்ட துன்பத்தை என் எழுத்துக்குப் பொருளாக்க எனக்கு உரிமை இல்லை. நான் எழுத நினைப்பது எங்கள் வீட்டைப் பற்றி. ஒருவர் சுவருக்குள்ளும் மற்றவர்கள் வெளியேயும் இருந்துகொண்டு எப்படி ஒரே குடும்பமாக வாழ்கிறோம் என்பதைப் பற்றி. இந்த நிலைக்குப் புதிதாக வந்திருக்கும் ஒரு தங்கையோ மனைவியோ தாயோ இதைப் படிக்கக்கூடும். அவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

முதல் சில நாட்கள் அவர் எங்கே இருக்கிறார் என்பதே எங்களுக்குத் தெரியவில்லை. ஒருவர் காவல் நிலையம் என்றார், இன்னொருவர் நீதிமன்றம் என்றார், பிறகு ஒரு சிறையின் பெயரைச் சொன்னார்கள். அங்கே போனால், வேறு சிறைக்கு மாற்றிவிட்டோம் என்றார்கள். வழக்கு என்ன ஆகும், தண்டனை எவ்வளவு கிடைக்கும் என்பதெல்லாம் அம்மாவின் காதில் ஏறவே இல்லை. "எங்கே இருக்கிறான் என்று மட்டும் யாராவது சொல்லுங்கள்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

இப்படி ஒரு தாய் கேட்டு அலைய வேண்டியதில்லை என்பதை வெகுநாள் கழித்துத்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். கைதிகளை நடத்த வேண்டிய முறை பற்றி ஐக்கிய நாடுகள் சபைக்கு ஒரு விதித்தொகுப்பு இருக்கிறது. 1955இல் உருவானது, திருத்தி எழுதப்பட்டு 2015 டிசம்பர் 17 அன்று பொதுச்சபையில் நிறைவேறியது. நெல்சன் மண்டேலாவின் நினைவாக அதை மண்டேலா விதிகள் என்கிறார்கள். மொத்தம் 122 விதிகள். அவற்றில் 68ஆவது விதி, சிறையில் அடைக்கப்பட்டதையும், வேறு சிறைக்கு மாற்றப்பட்டதையும், கடுமையாக நோயுற்றதையும் காயமடைந்ததையும் தன் குடும்பத்துக்கு உடனடியாகத் தெரிவிக்கக் கைதிக்கு உரிமை உண்டு என்கிறது. உரிமை இருந்தால் போதாது, அதற்கான வழியையும் செய்துதர வேண்டும் என்கிறது. போரில் பிடிபட்ட எதிரி நாட்டுச் சிப்பாய்க்குக்கூட இந்தப் பாதுகாப்பு உண்டு. 1949ஆம் ஆண்டின் மூன்றாவது ஜெனீவா ஒப்பந்தப்படி, முகாமுக்கு வந்த ஒரு வாரத்துக்குள் அவர் தன் வீட்டுக்கு ஓர் அட்டை எழுத வழிசெய்ய வேண்டும். அதன் பிறகு, அனுப்பும் கடிதங்களுக்குக் கட்டுப்பாடு விதித்தாலும் மாதத்துக்கு இரண்டு கடிதம், நான்கு அட்டைக்குக் குறையக் கூடாது. துப்பாக்கி ஏந்தி வந்தவனின் தாய்க்கு உலகம் இவ்வளவு இரக்கம் காட்டியிருக்கிறது. இந்த விதிகளை எல்லாரும் அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். சிறை வாசலில் நிற்கும்போது நாம் ஏதோ சலுகை கேட்டு வந்தவர்கள் போலக் குறுகிப்போகிறோம். அப்படிக் குறுக வேண்டியதில்லை.

எங்களுக்கு முதலில் கைகொடுத்தது கடிதம்தான். தொலைபேசியில் பேச அனுமதி கிடைக்கும்முன், நேரில் பார்க்கப் பெயர்ப் பட்டியல் ஒப்புதலாகும்முன், கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டது.

அண்ணி ஒரு பழக்கத்தைத் தொடங்கினார். ஒவ்வொரு கடிதத்தின் மேலும் தேதியோடு வரிசை எண்ணையும் எழுதுவார். அண்ணனும் அப்படியே எழுதுவார்; கூடவே, 'உன்னுடைய இத்தனையாவது கடிதம் வரை வந்திருக்கிறது' என்று முதல் வரியிலேயே குறிப்பிடுவார். இது சின்ன ஏற்பாடாகத் தோன்றலாம். ஆனால் கடிதங்கள் தணிக்கையில் தங்கிவிடும், வரிசை மாறிப் போய்ச் சேரும், சில வழியிலேயே தொலையும். எண் இல்லாவிட்டால், பதில் வராத ஒவ்வொரு வாரமும் உள்ளே இருப்பவர் தன்னை மறந்துவிட்டார்கள் என்று நினைக்கத் தொடங்குவார். வெளியே இருப்பவர் கோபமாக இருக்கிறாரோ என்று கலங்குவார். எண் இருந்தால், இடையில் ஒன்று வரவில்லை என்பது தெரிந்துபோகும். பழி தபாலோடு நின்றுவிடும். முக்கியமான கடிதங்களைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்வதும் அவர் வழக்கம். தொலைந்துவிட்டால் மறுபடி எழுதி அனுப்பலாம்.

நம் கடிதத்தை இன்னொருவர் படித்த பிறகுதான் அது அவர் கைக்குப் போகும். இதைப் பழகிக்கொள்ள அண்ணிக்குத்தான் மிகவும் கடினமாக இருந்தது. கணவனுக்கு எழுதுவதை அந்நியர் ஒருவர் படிப்பார் என்றால் பேனா ஓடுமா? சில மாதங்கள் அவர் விசாரணைக் கேள்விக்குப் பதில் சொல்வதுபோலவே எழுதினார்: நலம், நலமறிய ஆவல், மகள் நன்றாகப் படிக்கிறாள். பிறகு ஒருநாள், "படிப்பவர் படித்துக்கொள்ளட்டும், அவருக்கும் வீட்டில் மனைவி இருப்பார்" என்று சொல்லிவிட்டு நான்கு பக்கம் எழுதினார். அன்றிலிருந்துதான் அண்ணனின் பதில்களும் நீண்டன. வழக்கைப் பற்றி மட்டும் நாங்கள் எதுவும் எழுதுவதில்லை. அது வழக்கறிஞர் வழியாகத்தான் போகும். வழக்கறிஞரோடு கைதி நடத்தும் பேச்சும் கடிதமும் இரகசியமாக இருக்க வேண்டும் என்று மண்டேலா விதிகளே சொல்கின்றன. குடும்பக் கடிதத்துக்கு அந்தக் காப்பு கிடையாது. மற்றவர்களின் பெயர்கள், பிற கைதிகளைப் பற்றிய பேச்சு ஆகியவற்றையும் தவிர்க்கிறோம். எங்கோ ஒரு வரியை யாரோ தவறாகப் புரிந்துகொண்டால் அதற்கான விலையைக் கொடுப்பவர் உள்ளே இருப்பவர்.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

அண்ணன் உள்ளே போன பிறகு அப்பாவுக்கு ஓர் அறுவைச் சிகிச்சை நடந்தது. அதை அண்ணனுக்குத் தெரிவிக்க வேண்டாம் என்று அம்மாவும் சித்தப்பாவும் முடிவெடுத்தார்கள். அங்கே கிடந்து அவன் என்ன செய்ய முடியும், வீணாக மனம் உடைவான் என்பது அவர்கள் எண்ணம். அன்பினால் எடுத்த முடிவுதான். அப்பா தேறி வீடு திரும்பினார். அதன் பிறகு ஒரு தொலைபேசி அழைப்பில் அப்பா இரண்டு சொற்களுக்கு நடுவே மூச்சு வாங்குவதை அண்ணன் கவனித்துவிட்டார். கேட்டார். மறைக்க முடியவில்லை. அவர் கத்தவில்லை. "என்னிடம் சொல்லாமலே எல்லாம் நடந்து முடிகிறது என்றால், நான் அந்த வீட்டில் யார்?" என்று மட்டும் கேட்டார். பிறகு வந்த கடிதத்தில் எழுதியிருந்தார்: அந்த ஒரு நாளுக்குப் பிறகு, அம்மா 'எல்லாரும் நலம்' என்று சொல்லும்போதெல்லாம் அதை நம்புவதா வேண்டாமா என்று இரவெல்லாம் யோசிக்கிறேன். கெட்ட செய்தியைத் தாங்கிக்கொள்வேன். நல்ல செய்தியைச் சந்தேகப்பட வைத்துவிட்டீர்களே.

இதை இப்போது சிறை வாசலில் சந்திக்கும் எல்லாரிடமும் சொல்கிறேன். மறைக்காதீர்கள். உள்ளே இருப்பவருக்குப் போதுமான நேரம் இருக்கிறது. ஒரு குரலின் தடுமாற்றத்தை, ஒரு கடிதத்தில் விடுபட்ட பெயரை, அவர் நாள்கணக்கில் திருப்பித் திருப்பி எண்ணிப்பார்ப்பார். அவர் கற்பனை செய்துகொள்வது பெரும்பாலும் நடந்ததைவிடக் கொடியதாக இருக்கும்.

சிறை நிர்வாகத்துக்கும் இதில் கடமை உண்டு. நெருங்கிய உறவினர் கடுமையாக நோயுற்றாலோ இறந்தாலோ கைதிக்கு உடனே தெரிவிக்க வேண்டும். சூழ்நிலை அனுமதித்தால், காவலோடோ தனியாகவோ, நோயாளியின் படுக்கையருகே போகவோ இறுதிச்சடங்கில் கலந்துகொள்ளவோ விட வேண்டும் என்கிறது 70ஆவது விதி. அந்த விதிகளுக்குத் தன் பெயரைத் தந்த மனிதருக்கு இது கிடைக்கவில்லை. தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவுச் சிறையில் மண்டேலா இருந்தபோது, 1968இல் அவருடைய தாயார் இறந்தார். அடுத்த ஆண்டு அவருடைய மூத்த மகன் தெம்பி கார் விபத்தில் இறந்தார். இரண்டு இறுதிச்சடங்குகளுக்கும் போக அவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. தாயையும் மகனையும் அடக்கம் செய்யும் இடத்தில் நிற்க முடியாமல், ஒரு மனிதர் கல்லுடைத்துவிட்டு வந்து அறைக்குள் உட்கார்ந்திருந்தார் என்பதை என்னால் எளிதாகக் கடந்துபோக முடிவதில்லை. அந்த நாட்களில் அவரைப் போன்ற கைதிகளுக்கு, தொடக்க ஆண்டுகளில், ஆறு மாதத்துக்கு ஒரு கடிதம், ஒரு சந்திப்பு. கடிதம் 500 சொற்களைத் தாண்டக் கூடாது. குடும்ப விஷயங்களைத் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது. பிடிக்காத வரிகளை மை பூசி மறைத்தார்கள், பிறகு பிளேடால் வெட்டியே எடுத்தார்கள். வெட்டிய இடத்துக்குப் பின்பக்கத்தில் இருந்த வரியும் அதோடு போய்விடும்.

செய்தி சொல்வதோடு நிறுத்திக்கொள்ளாமல், அண்ணனிடம் கேட்கவும் தொடங்கினோம். எங்கள் வீட்டில் நடந்த பெரிய மாற்றம் இதுதான். அதுவரை நாங்கள் அவருக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தோம். 'கவலைப்படாதே, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்பதுதான் எங்கள் எல்லாக் கடிதங்களின் சாரமும். அதைப் படிக்கும் மனிதருக்கு என்ன தோன்றும்? நான் இல்லாமலே எல்லாம் நடக்கிறது என்றுதானே? சிறையில் அவர் எப்போது எழ வேண்டும், எப்போது குளிக்க வேண்டும், எப்போது விளக்கணைக்க வேண்டும் என்பதை எல்லாம் பிறர் முடிவு செய்கிறார்கள். வீடும் அப்படியே செய்துவிட்டால் அவர் முடிவெடுக்க எதுவும் மிஞ்சுவதில்லை.

அதனால் உண்மையான விஷயங்களைக் கேட்டோம். கூடத்துச் சுவரில் விழுந்த விரிசலைப் பூசினால் போதுமா, இடித்துக் கட்ட வேண்டுமா? அவருடைய பழைய வண்டியை விற்கலாமா, அப்படியே வைத்திருக்கலாமா? மகள் நீச்சல் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறாள், அனுப்பலாமா? பதில் வர வாரக்கணக்கில் ஆகும். பொறுக்கக்கூடிய எல்லா முடிவுகளையும் அவர் பதில் வரும்வரை பொறுத்தோம். வண்டியை விற்க வேண்டாம் என்றார். நான் விற்கச் சொன்னவள், ஆனால் அவர் சொன்னபடியே விட்டோம். விரிசலைப் படமாக வரைந்து அனுப்பச் சொன்னார். அப்பா அளவெடுத்து வரைந்தார். எந்தத் திசையில் ஓடுகிறது, எங்கே அகலமாகிறது என்று அண்ணன் திருப்பிக் கேட்டார். சுவரைப் பற்றி இவர்கள் இருவரும் எழுதிக்கொண்ட கடிதங்களில்தான், கைதான நாளிலிருந்து பேசாமல் இருந்த தகப்பனும் மகனும் மறுபடி பேசத் தொடங்கினார்கள். மன்னிப்பு, வருத்தம் என்ற சொற்கள் அந்தக் கடிதங்களில் இல்லை. சிமென்ட், செங்கல், கம்பி என்றுதான் இருக்கும்.

மகளுக்கும் அவருக்கும் கணக்கு. ஒவ்வொரு கடிதத்தோடும் அவள் பாடப்புத்தகத்திலிருந்து ஒரு கணக்கை எழுதி அனுப்புவாள். அவர் படிப்படியாகச் செய்து அனுப்புவார். எங்காவது ஓரிடத்தில் வேண்டுமென்றே பிழை விட்டிருப்பார். அதைக் கண்டுபிடித்து வட்டமிட்டுத் திருப்பி அனுப்புவது அவள் வேலை. கணக்கு போய் வருவதற்குள் பள்ளியில் அந்தப் பாடம் முடிந்து, தேர்வும் முடிந்திருக்கும். அவளுக்கு அது பொருட்டே இல்லை. உறை வந்ததும் மேசைக்கு ஓடுவாள்.

அப்பா எங்கே என்று அவள் கேட்ட முதல் நாள் முதலே அண்ணி உண்மையைச் சொன்னார். வெளிநாட்டில் வேலை என்று சொல்லச் சொல்லிச் சொந்தக்காரர்கள் பலர் வற்புறுத்தினார்கள். அண்ணி அசையவில்லை. வயதுக்கேற்ற சொற்களில் சொன்னார்: அப்பா ஒரு பெரிய தவறு செய்தார், அதற்காக ஓரிடத்தில் இருக்க வேண்டும் என்று நீதிபதி சொல்லியிருக்கிறார், அவர் அங்கே சாப்பிடுகிறார், தூங்குகிறார், உன்னை நினைத்துக்கொண்டிருக்கிறார், இதில் உன் தவறு எதுவும் இல்லை. கடைசியாகச் சொன்னதைத்தான் பலமுறை திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. குழந்தைகள் எந்தப் பிரிவுக்கும் தங்களையே காரணமாக நினைத்துக்கொள்கிறார்கள். வெளிநாடு என்று சொல்லியிருந்தால், பள்ளியில் யாரோ ஒரு பிள்ளையின் வாயிலிருந்து உண்மையைக் கேட்டிருப்பாள். அன்று தகப்பனோடு சேர்த்துத் தாயையும் இழந்திருப்பாள்.

சந்திப்பு நாளைப் பற்றி எழுதத் தொடங்கினால் கோபம் வருகிறது. காலையில் வரிசை, அடையாள அட்டை, பதிவேடு, சோதனை, காத்திருப்பு. பெயர் அழைத்த பிறகு, கம்பிவலைக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். எல்லாக் குடும்பங்களும் ஒரே நேரத்தில் பேசுவதால் எல்லாரும் கத்த வேண்டியிருக்கும். பக்கத்தில் ஒரு பெண் தன் கணவனிடம், கடன்காரர்கள் வீட்டுக்கு வந்து நிற்பதைக் கத்திச் சொல்லிக்கொண்டிருப்பார். அதை நாங்கள் கேட்காததுபோல இருப்போம். எங்கள் பேச்சை அவர் கேட்காததுபோல இருப்பார். வாசலில் அறிமுகமில்லாதவர்கள் ஒருவருக்கொருவர் செய்யும் பெரிய மரியாதை அது. சில சிறைகளில் கண்ணாடித் தடுப்பும் ஒலிவாங்கியும் வைத்திருக்கிறார்கள். கத்த வேண்டியதில்லை, ஆனால் விரல்கூடப் படாது.

தொடுவதற்கு என்ன அவ்வளவு முக்கியத்துவம் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். மண்டேலா 1984 மே மாதம், போல்ஸ்மூர் சிறையில், தடுப்பு எதுவும் இல்லாமல் தன் மனைவி வின்னியைச் சந்தித்தார். அதற்குமுன் அவர் மனைவியின் கையைத் தொட்டு 21 ஆண்டுகள் ஆகியிருந்தன. ராபன் தீவுச் சந்திப்புகளுக்கு 2 வயதுக்கு மேற்பட்ட, 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை விடுவதே இல்லை. தகப்பனின் முகம் நினைவில் பதிகிற வயது முழுவதும் அவரைப் பார்க்காமலே அந்தப் பிள்ளைகள் வளர்ந்தார்கள். அது அந்தக் காலத்துக் கொடுமை என்று ஒதுக்கிவிட முடியவில்லை. 2010இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற பாங்காக் விதிகள் பெண் கைதிகளைப் பற்றியவை. பிள்ளைகள் வரும் சந்திப்பு அவர்களுக்கு நல்ல அனுபவமாக அமைய வேண்டும், காவலர்கள் நடந்துகொள்ளும் விதமும் அதற்கேற்ப இருக்க வேண்டும், தாயும் பிள்ளையும் தடுப்பின்றிப் பழக இடம் தர வேண்டும் என்கிறது அதன் 28ஆவது விதி. தகப்பனுக்கும் அது ஏன் பொருந்தாது என்று கேட்கிறேன். கனடாவிலும் பிரான்ஸிலும் தகுதியுள்ள கைதிகள் சிறை வளாகத்துக்குள்ளேயே தனி வீட்டில் குடும்பத்தோடு 72 மணி நேரம் வரை தங்க ஏற்பாடு இருக்கிறது. சமைத்து, சாப்பிட்டு, பிள்ளையோடு ஒரே கூரையின் கீழ் தூங்கி எழலாம். பாதுகாப்பைக் கைவிடாமலே இதைச் செய்ய முடிகிறது.

ஒருமுறை மகள் சோதனையில் பயந்து அழுதாள். அந்தக் காவலர் கடுமையானவர் அல்ல, அவசரத்தில் இருந்தார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு சந்திப்புக்கு முந்தைய இரவு அண்ணி அவளுக்கு எல்லாவற்றையும் நடித்துக் காட்டுவார்: இங்கே கையைத் தூக்கச் சொல்வார்கள், இந்தக் கதவு பெரிய சத்தத்தோடு மூடும், அப்பா வலைக்கு அந்தப் பக்கம் நிற்பார், கிளம்பும்போது அவர் நம்மோடு வரமாட்டார். கடைசியில் சொன்னது தெரியாமல் போகும் குழந்தைகள்தான் அந்த இடத்தில் அதிகம் உடைகிறார்கள். கிளம்பும்போது என்ன செய்வது என்பதையும் தகப்பனும் மகளும் பேசிவைத்திருக்கிறார்கள். அவள் முதலில் திரும்பி நடப்பாள். அவர் அவளைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அவரைக் கூட்டிப்போகும் காட்சியை அவள் பார்ப்பதில்லை.

தொலைபேசியில் நேரம் குறைவு, எச்சரிக்கை இல்லாமல் துண்டிக்கப்படும். அதனால் வணக்கம் சொன்ன கையோடு அன்பையும் சொல்லிவிடுகிறோம். முடிவில் சொல்லலாம் என்று வைத்தால் சொல்லாமலே போய்விடும். பேச வேண்டியவற்றை ஒரு நோட்டில் எழுதி வைத்து, யார் முதலில், யார் பிறகு என்று முன்பே முடிவு செய்துகொள்கிறோம். ஒரே வாரத்தில் எல்லாரும் பேச முயல்வதில்லை.

இந்தத் தொலைபேசி என்றாலே எனக்கு மார்த்தா ரைட் என்ற அமெரிக்கப் பாட்டி நினைவுக்கு வருகிறார். ஓய்வுபெற்ற செவிலியர், கண்பார்வை இழந்தவர். சிறையிலிருந்த பேரனுக்குக் கடிதம் எழுத முடியாததால் தொலைபேசி ஒன்றே வழி. அங்கே சிறை அழைப்புக்குத் தனியார் நிறுவனங்கள் வைத்த கட்டணம் அவரை மருந்துக்கும் அழைப்புக்கும் இடையே தேர்ந்தெடுக்க வைத்தது. 2000இல் வழக்குத் தொடுத்தார். பிறகு தகவல்தொடர்பு ஆணையத்திடம் முறையிட்டார். 2013இல் மாநிலங்களுக்கிடையிலான அழைப்புகளுக்கு ஆணையம் உச்சவரம்பு வைத்தது. 2015இல் அவர் இறந்தார். கட்டணத்தை நியாயமாக்கும் அதிகாரத்தை ஆணையத்துக்குத் தரும் சட்டம் 2023 ஜனவரியில் அவர் பெயரையும் தாங்கி வந்தது. கனெக்டிகட் மாநிலம் சிறை அழைப்புகளை முழுக்க இலவசமாக்கியது. கலிபோர்னியாவும் அவ்வாறே செய்தது. பேரன் குரலைக் கேட்க வேண்டும் என்ற ஒரு பாட்டியின் பிடிவாதத்தால், முகம் தெரியாத எத்தனையோ வீடுகளில் தொலைபேசி மணி அடிக்கிறது.

2020இல் கொரோனா வந்து சந்திப்புகள் எல்லாம் நின்றபோது பல நாடுகளில் காணொளி அழைப்பு சிறைக்குள் நுழைந்தது. முழங்கால் வலியால் பயணம் செய்ய முடியாத அம்மாவுக்கு அது பெரிய வரம். அண்ணன் எங்கள் வீட்டுக் கூடத்தை, பூசி முடித்த சுவரை, மகளின் மேசையைப் பார்த்தார். ஆனால் காணொளி இருக்கிறதே, நேரில் எதற்கு என்று கேட்கும் நிர்வாகம் எங்காவது முளைக்கும் என்று அஞ்சுகிறேன். கடிதத்துக்கு ஏற்கெனவே அது நடக்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம் 2018இல், போதைப்பொருள் நுழைவதைத் தடுக்கிறோம் என்று, குடும்பக் கடிதங்களை வேறு மாநிலத்துக்கு அனுப்பி நகலெடுத்து, நகலை மட்டும் கைதியிடம் தர ஆரம்பித்தது. போதைப்பொருளைத் தடுக்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு குழந்தை தன் கையால் தீட்டிய படம் அதன் தகப்பன் கைக்கு ஒருபோதும் போய்ச் சேராது என்றால், அது சின்ன இழப்பு என்று யாரும் சொல்லக் கூடாது. அண்ணன் அறையில் மகளின் கடிதங்களை முகர்ந்து பார்ப்பார் என்று அவரோடு இருந்து விடுதலையானவர் ஒருவர் எங்களிடம் சொன்னார்.

எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. உள்ளே ஏதோ ஒழுங்குமீறல் என்று சொல்லிச் சந்திப்பை ரத்து செய்வது. தண்டனை யாருக்கு? விடுப்பு எடுத்துக்கொண்டு, மகளுக்கு நல்ல உடை உடுத்திக் கூட்டி வந்து, வாசலில் திருப்பி அனுப்பப்படுகிறவர்களுக்குத்தானே. ஒழுங்கு நடவடிக்கையாகக் குடும்பத் தொடர்பைத் தடைசெய்யக் கூடாது என்று மண்டேலா விதிகளின் 43ஆவது விதி சொல்கிறது. பாதுகாப்புக்கு மிகவும் தேவைப்பட்டால், குறுகிய காலத்துக்கு மட்டும் கட்டுப்படுத்தலாம், அவ்வளவுதான். தாய் தந்தையரிடமிருந்து பிரிக்கப்பட்ட பிள்ளை அவர்களோடு நேரடித் தொடர்பில் இருப்பது அந்தப் பிள்ளையின் உரிமை என்று 1989ஆம் ஆண்டின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை கூறுகிறது. என் அண்ணன் தன் உரிமைகளில் பலவற்றை இழந்ததற்குக் காரணம் இருக்கிறது. அவர் மகள் எந்தக் குற்றமும் செய்யவில்லை.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலச் சிறைத்துறை 2003க்கும் 2007க்கும் இடையே விடுதலையான 16,420 பேரை ஆராய்ந்து 2011இல் அறிக்கை வெளியிட்டது. சிறையில் பார்க்க ஆள் வந்தவர்கள் மீண்டும் கடுங்குற்றத்துக்காகத் தண்டிக்கப்படும் வாய்ப்பு 13 சதவீதம் குறைவாக இருந்ததாம். அதிகாரிகளிடம் வாதாடுபவர்களுக்கு இந்த எண் உதவும், எடுத்துச் சொல்லுங்கள். ஆனால் நான் அதை முதல் காரணமாக முன்வைக்கவில்லை. அண்ணியும் மகளும் அங்கே போவது எந்தச் சதவீதத்துக்காகவும் அல்ல.

அண்ணனின் அறையில் யாருமே பார்க்க வராத ஒருவர் இருக்கிறார். தபால் நாளில் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாராம். இதை எழுதியதோடு, அவருடைய ஒப்புதலையும் வாங்கி, அவருக்கு ஒரு கடிதம் எழுத முடியுமா என்று அண்ணன் அம்மாவிடம் கேட்டிருந்தார். இப்போது அம்மா அவருக்கும் எழுதுகிறார். என்ன எழுதுவது என்று தெரியாமல் முதலில் வானிலையை எழுதினார். அவர் தன் ஊர் மழையைப் பற்றிப் பதில் எழுதினார். அம்மா இப்போது அவரை 'தம்பி' என்று அழைத்து எழுதுகிறார். யாரும் வராதவர்களுக்குக் கடிதம் எழுத ஆள் தேவைப்படுகிறது. நேரம் இருப்பவர்கள் சிறை நிர்வாகத்திடமோ, கைதிகளுக்காக உழைக்கும் அமைப்புகளிடமோ கேட்டுப் பாருங்கள்.

இப்போது எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் விவாதம் வேறு. அப்பாவால் இனி மாடிப்படி ஏற முடியாது. தரைத்தளத்தில் வேறு வீடு பார்க்க வேண்டும். சிறைக்குப் பஸ் வசதி உள்ள பக்கமாகப் பார்க்கலாம் என்பது அண்ணியின் எண்ணம். மகளின் பள்ளி தூரமாகிவிடும் என்பது என் கவலை. பார்த்த வீட்டின் வரைபடத்தை அண்ணனுக்கு அனுப்பினோம். பதில் நேற்று வந்தது. குளியலறை வாசலில் படி இருக்கிறதா, இரவில் அப்பா எழுந்து போக விளக்குப் பொத்தான் எங்கே இருக்கிறது, மகளின் மேசைக்கு எந்தச் சன்னலிலிருந்து வெளிச்சம் வரும், தண்ணீர் எந்த நேரத்தில் வரும் என்று ஒரு பக்கம் முழுக்கக் கேள்விகள். படி இருக்கிறதா என்பதை நாங்கள் கவனிக்கவே இல்லை. அளவுநாடாவை எடுத்துக்கொண்டு நானும் அண்ணியும் சனிக்கிழமை அந்த வீட்டுக்கு மறுபடி போகிறோம்.